ஆதாம் எந்தச் சாதி?

கேள்வி-பதில்: கரமனையிலிருந்து

மனிதன் எங்கிருந்து வந்தான், நமக்கு முன்னே வாழ்ந்தவர்கள் யாரைக் கும்பிட்டார்கள், இதையெல்லாம் ஒரு கிறிஸ்தவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே.

எங்கள் வீட்டுப் பழைய ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில், சிருஷ்டிப்பு நடந்தது கி.மு. 4004 என்று அச்சாகியிருக்கிறது. நம்பலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

வேதாகமத்தை நம்புங்கள். ஓரத்தில் இருப்பது வேதாகமம் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வெளியிட்ட கணக்கு அது. வம்ச வரலாற்றில் வரும் வயதுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அந்த ஆண்டுக்கு வந்து சேர்ந்தார். பிறகு 18-ஆம் நூற்றாண்டில் அச்சகத்தார் அதை வசனத்துக்குப் பக்கத்திலேயே போடத் தொடங்க, வசனத்தின் மரியாதை கணக்குக்கும் ஒட்டிக்கொண்டது. அஷர் பெரிய படிப்பாளி, கையில் கிடைத்ததை வைத்து நேர்மையாகவே கணக்குப் போட்டார். ஆனால் அதே பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் முற்பிதாக்களின் வயது வேறு. அதன்படி கூட்டினால் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும். வேதத்தின் இரண்டு பிரதிகளே ஒத்துப்போகாத ஒரு தேதிக்காக விசுவாசத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. வம்ச வரலாறு நாம் யாருடைய பிள்ளைகள் என்று சொல்ல எழுதப்பட்டது. நாட்காட்டி அச்சடிக்க எழுதப்பட்டதல்ல.

அப்படியானால் கற்கால மனிதனை என்ன செய்வது? ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

சென்னைக்குப் போகும்போது பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் சேர்த்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. நிலவியல் துறை அதிகாரியான அவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த இடத்தில் பின்னாளில் அகழாய்வு செய்த சாந்தி பப்புவின் குழு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டது.

அந்தக் கல்லை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்கிற அளவு. கெட்டியான குவார்ட்சைட் கல். ஒரு முனை கூர்மை, மறு முனை உள்ளங்கையில் பதிகிற மாதிரி உருண்டை. இரு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுத்த வடு. முடிவான வடிவத்தை முதலில் மனசில் பார்க்காமல் இப்படித் தட்ட முடியாது. அந்தக் கல்லைத் தட்டியவர் நம் இனமா, நமக்கு முந்தைய இனமா என்பதை எலும்பு ஆராய்கிறவர்கள் சொல்லட்டும். மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியவருக்கு இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்க நாம் யார்?

இன்னொரு செய்தி. ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த அதே பெர்சிவல் பாதிரியார். வேதத்தைத் தமிழில் தந்த வீட்டுக்கே கற்கோடரியைக் கண்டெடுத்தவர் மருமகனாக வந்தார்.

மரபணு விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவில் ஏவாளைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?
– வங்கி ஊழியர், நெய்யாற்றின்கரை

கண்டுபிடித்தது ஏவாளை அல்ல. தாய்வழியாக மட்டும் இறங்கி வரும் ஒரு மரபணுப் பொருளை ஆராய்ந்து, இன்று வாழும் எல்லாரையும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணோடு இணைக்கலாம் என்று 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. ஏவாள் என்ற பெயர் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. அவள் காலத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருக்கவில்லை. இடையறாமல் வந்த தாய்வழி அவளுடையது, அவ்வளவுதான். ஆகவே 'பார், பைபிள் நிரூபணமாயிற்று' என்று நம்மவர்கள் கைதட்டுவதும் அவசரம், 'பைபிள் பொய்யாயிற்று' என்று அடுத்தவர்கள் கைதட்டுவதும் அவசரம்.

நம் பக்கத்திலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன், ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக வந்த ஆதிக்குடிகளின் மரபணு அடையாளத்தை மதுரைப் பக்கத்துக் கிராமத்து மக்களிடம் கண்டார். நம் முன்னோர் நடந்து வந்தவர்கள். இதற்கு விசுவாசம் தடையா? கத்தோலிக்கத் திருச்சபை, உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை என்று 1950-லேயே சொன்னது. 1996-ல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டிவிட்டது என்றார். சிருஷ்டிப்பின் ஆறு நாளை எழுத்துக்கு எழுத்து எடுக்கிற சபைகளும் உண்டு, அவர்களும் என் சகோதரர்களே. இந்த இரண்டு தரப்பும் கைவிடக் கூடாத ஒன்று உண்டு: ஏதென்சில், விக்கிரகங்கள் நிறைந்த நகரத்தின் நடுவே நின்று பவுல் சொன்னது. எல்லா ஜனமும் ஒரே இரத்தம். அதை விட்டுவிட்டால் மீதியை வைத்துக்கொண்டு பயனில்லை.

நோவாவின் கதை சுமேரியரிடமிருந்து காப்பியடித்ததுதானே?
– பகுத்தறிவாளர், மதுரை

மெசொப்பொத்தேமிய வெள்ளக் கதை பழையது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1872-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் களிமண் பலகை ஒன்றைப் படித்து, கப்பல், மலையில் தங்குதல், பறவையைப் பறக்க விடுதல் எல்லாம் அதில் இருப்பதைச் சொன்னபோது ஐரோப்பாவே அதிர்ந்தது. இஸ்ரவேலர் அந்த உலகத்தில் வாழ்ந்தவர்கள். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள்.

இனி எங்கே மாறுகிறது என்று பாருங்கள். அத்ரகாசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்தில், தேவர்கள் தங்கள் வேலைப்பளு தாங்காமல், அதைச் சுமக்க மனிதனைப் படைக்கிறார்கள். அவன் பெருகிக் கூச்சல் போட, தூக்கம் கெட்டு வெள்ளத்தை அனுப்புகிறார்கள். ஆதியாகமத்தில் வெள்ளத்துக்குக் காரணம் கூச்சல் இல்லை, பூமியில் நிறைந்த கொடுமை. மனிதனைப் படைத்ததும் கூலிவேலைக்காக இல்லை. அந்த நாடுகளில் கடவுளின் சாயல் என்பது அரசனுக்கு உரிய பட்டம். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை எடுத்து ஆணுக்கும் பெண்ணுக்கும், அரசனுக்கும் அடிமைக்கும் ஒரே அளவில் கொடுத்துவிட்டது. கதை பொதுவாக இருக்கட்டும். இந்தத் துணிச்சல் அந்தக் களிமண் பலகைகளில் இல்லை.

பாகவதத்தில் வெள்ளத்திலிருந்து தப்பிய சத்தியவிரதன் திராவிட நாட்டு அரசன். கிருதமாலை நதியில் அர்க்கியம் விடும்போது கையில் மீன் வந்தது. கிருதமாலை என்றால் வைகை என்பார்கள். அப்படியானால் நோவா நம்மூர்க்காரரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரமனை அக்கிரகாரம்

ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கிற அன்பு எனக்குப் புரிகிறது. 1788-ல் வில்லியம் ஜோன்ஸும் இதே வழியில் போனார். மனுவையும் ஆதாம், நோவாவையும் சேர்த்து வைத்து, புராண வம்சங்களை வேதாகமக் கணக்குக்குள் அடக்கப் பார்த்தார். புராணத்தைச் சுருக்கி, வேதாகமத்தை நீட்டி, இரண்டையும் நெருக்கியதுதான் மிச்சம். எனக்கு அதில் ஈடுபாடில்லை. சத்தியவிரதன் சத்தியவிரதனாகவே இருக்கட்டும், நோவா நோவாவாகவே இருக்கட்டும். ஆற்றங்கரையில் வாழ்ந்த எல்லா ஜனத்துக்கும் வெள்ளத்தின் பயம் தெரியும்.

கரமனையாற்றின் கரையில் இருக்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, விழிஞ்ஞம், பூந்துறை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். கூரை மேல் நின்றவர்களை மதம் கேட்காமல் இறக்கினார்கள். பேழையின் அர்த்தம் தெரிய வேண்டுமானால் அந்த வள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏதேன் தோட்டம் குமரிக் கண்டத்தில் இருந்ததா?
– பொறியாளர், சென்னை

இல்லை. லெமூரியா என்பது 1864-ல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகைக் குரங்கின எச்சங்கள் எப்படி வந்தன என்று விளக்கப் போட்ட ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலை போய்விட்டது. பழந்தமிழ் உரைகள் பேசுகிற கடல்கோள் வேறு சங்கதி. கடலோரத்து மக்களின் நினைவு அது. ஆதியாகமம் ஏதேனுக்கு அடையாளமாக யூப்ரடீஸ், டைகிரிஸ் நதிகளைச் சொல்கிறது. தமிழ் மூத்த மொழி என்று நிலைநாட்ட ஏதேனை இங்கே இழுத்து வர வேண்டிய அவசியம் தமிழுக்கு இல்லை.

இலங்கையில் ஆதாம் மலை இருக்கிறதே?
– வாசகி, யாழ்ப்பாணம்

சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீட்டர். உச்சியில் ஒரு பாதச் சுவடு. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதாமின் பாதம், சில கிறிஸ்தவர்களுக்குத் தோமாவின் பாதம். ஆதாமின் சுவடு அது இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் நாலு மதத்தாரும் ஒரே படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஆதாமின் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

சிந்துவெளி மக்கள் ஏக தெய்வத்தை வணங்கினார்கள் என்று ஒரு பாதிரியார் எழுதினாராமே?
– ஆய்வு மாணவி, காரியவட்டம்

ஈராஸ் பாதிரியார். ஸ்பெயினிலிருந்து வந்து பம்பாய் சேவியர் கல்லூரியில் பணிபுரிந்த இயேசு சபைத் துறவி. சிந்து முத்திரைகளின் மொழி திராவிடம் என்று உறுதியாகச் சொன்ன முன்னோடி. 1953-ல் அவருடைய பெரிய நூல் வந்தது. அவர் படித்தபடி, மொகஞ்சதாரோ மக்களுக்கு 'ஆண்' என்ற ஒரு பரம்பொருள் இருந்தது, அந்த நாகரிகம் இங்கிருந்து மேற்கே சென்றது.

மொழி திராவிடமாக இருக்கலாம் என்ற திசையில் ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்களும் பிறகு உழைத்தார்கள். ஆனால் ஈராஸின் வாசிப்பை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. சராசரியாக ஐந்து குறிகளே உள்ள சின்னஞ்சிறு வாசகங்கள் அவை. படிப்பவர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்திருப்பதே, பூட்டு இன்னும் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஈராஸின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் செத்துப் போனவர்களின் வாயில் நம் விசுவாசப் பிரமாணத்தைத் திணிப்பது சாட்சி அல்ல. அவர்கள் நமக்கு முன்னோடிகள் என்ற மரியாதையே போதும், அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம்.

திருவள்ளுவர் கிறிஸ்தவரா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– தமிழாசிரியை, பாறசாலை

இல்லை. 1886-ல் குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப், மயிலாப்பூரில் வள்ளுவர் காதில் கிறிஸ்தவ போதனை விழுந்திருக்கலாம் என்று கருதினார். மேன்மையான சிந்தனை எங்கே இருந்தாலும் அது நம் வீட்டிலிருந்துதான் போயிருக்கும் என்ற எண்ணம் அது. இரண்டாம் நூற்றாண்டு இரத்தசாட்சி யுஸ்தீன் இதைவிடப் பெரிய மனசு உள்ளவர். சாக்ரட்டீஸைப் பற்றிப் பேசும்போது, கடவுளின் வார்த்தை எல்லா மனிதருக்குள்ளும் விதையாக விழுந்திருக்கிறது என்றார். வள்ளுவர் வள்ளுவராகவே இருந்து நமக்குக் கற்றுத் தரட்டும்.

நாகரிகம் கடவுள் தந்த வரமா, மனிதன் தேடிக்கொண்ட வினையா?
– வாசகர், பாலராமபுரம்

ஆதியாகமம் நாலாம் அதிகாரத்தைப் படியுங்கள். முதல் நகரத்தைக் கட்டியவன் காயீன், தம்பியைக் கொன்றவன். அவன் வம்சத்தில் யாபால் மந்தை மேய்க்கிறான், யூபால் கின்னரம் வாசிக்கிறான், தூபால்காயீன் இரும்பும் வெண்கலமும் அடிக்கிறான். எகிப்திலும் பாபிலோனிலும் நகரத்தைக் கட்டியது தேவர்கள் என்றார்கள். வேதம் அந்தப் புகழை நகரத்துக்குக் கொடுக்கவில்லை. அதற்காக இசையையும் உலோகத்தையும் சபிக்கவும் இல்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பையும், கீழடியின் செங்கல் சுவரையும் பார்க்கும்போது எனக்கு இரண்டும் தோன்றுகிறது: எவ்வளவு திறமை என்ற வியப்பு, அந்தச் செங்கலைச் சுமந்தவர் வயிறு நிறைந்ததா என்ற கேள்வி. கோபுரத்தின் உயரத்தைச் சொல்கிற சரித்திரம் நிறைய இருக்கிறது. மண் சுமந்தவரைக் கேட்பது வேதம் கற்றுக்கொடுத்த பழக்கம்.

ஆற்றுக்கால் பொங்காலை அன்று எங்கள் வீட்டு வாசலில் அடுப்பு கூட்டுகிறார்கள். இடம் கொடுத்தால் விக்கிரக ஆராதனைக்கு உடந்தை என்கிறார் சபையார் ஒருவர். என்ன செய்யட்டும்?
– இல்லத்தரசி, கரமனை

அம்மா, கேட்டைத் திறந்து வையுங்கள். விடியும் முன்பே பஸ் ஏறி வந்து, மூன்று செங்கல், ஒரு புது மண்கலம், பச்சரிசி, வெல்லம், தென்னம்பாளை என்று எல்லாவற்றையும் சுமந்து, கும்ப மாதத்து வெயிலில் புகை கண்ணைக் கரிக்க உட்கார்ந்திருக்கிற பெண்கள் அவர்கள். தண்ணீர் கொடுங்கள். கழிப்பறையைத் திறந்து விடுங்கள். திருவனந்தபுரத்தில் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் அன்றைக்கு வளாகத்தைத் திறந்து கொடுக்கின்றன.

உங்கள் விசுவாசத்தை விடச் சொல்லி அந்தப் பெண்கள் கேட்கவில்லை. அவர்கள் அங்கே காண்பது மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியை. அநியாயமாகப் புருஷனைப் பறிகொடுத்து, அரசனிடமே நியாயம் கேட்டவள். நான் அவளைத் தெய்வமாக வணங்குவதில்லை. ஆனால் நியாயம் கேட்டு அழுகிற பெண்ணின் குரலுக்குக் கடவுள் செவிசாய்ப்பார் என்று நம்புகிறேன். இயேசு யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டார், வழிபாட்டைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. அந்த வரிசையை மாற்றாதீர்கள். பொங்காலைக்குப் பிறகு தெருவில் கிடக்கும் செங்கல்களை மாநகராட்சி சேகரித்து வீடில்லாதவர்களின் வீட்டுக்குக் கொடுக்கிறது என்பதையும் அந்தச் சபையாரிடம் சொல்லுங்கள்.

மிஷனரிகள் நம் முன்னோரின் சாமிகளையெல்லாம் பேய் என்றார்களே. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், திருநெல்வேலி

சொன்னார்கள். கால்டுவெல் 1849-ல் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' அந்த மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதியது. பின்னாளில் அந்தச் சமூகமே கொதித்தெழ, அதை அவர் விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. அவர் பேயாட்டம் என்று எழுதிய இடத்தில் குடும்பத்தில் அகாலமாகச் செத்தவர்களின் நினைவு இருந்தது. வறட்சியில் கைவிட்ட உலகத்திடம் ஒரு முறையீடு இருந்தது.

சீகன்பால்குவின் கதையைக் கேளுங்கள். 1706-ல் தரங்கம்பாடி வந்தார். அவரும் 'அக்கியானம்' என்று ஒரு கண்டன நூலை 1713-ல் அச்சிட்டவர்தான். ஆனால் ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார், பண்டிதர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார், மாரியம்மன், எல்லம்மன், ஐயனார் வரை ஒவ்வொரு தெய்வத்தையும் பற்றி மக்கள் சொன்னதை எழுதினார். இந்த மக்களுக்கு ஒரே பரம்பொருள் உண்டு என்ற அறிவு இருக்கிறது என்றும் பதிவு செய்தார். அதே 1713-ல் அந்தக் கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போனது. உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, பரப்ப அல்ல என்று சொல்லி மேலிடம் அதைக் கிடப்பில் போட்டது. 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. 154 ஆண்டுகள்! அந்த ஒன்றரை நூற்றாண்டில் எத்தனை பேர் அறியாமலே கண்டித்திருப்பார்கள்? பக்கத்து வீட்டாரின் தெய்வத்தைப் பற்றிப் பேசும் முன் பக்கத்து வீட்டாரிடம் கேள். இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை.

காமின் சாபத்தால்தான் சிலர் அடிமையாகப் பிறந்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையா?
– வாசகர், கொல்லம்

பொய். ஆதியாகமம் ஒன்பதில் சபிக்கப்பட்டது காம் அல்ல, அவன் மகன் கானான். சபித்தது நோவா, கடவுள் அல்ல. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனிதர்களை விற்று வாங்கியவர்கள் தங்கள் வசதிக்குச் செய்த உரை அது. நம் திருவிதாங்கூரில் வயலோடு சேர்த்து மனிதர்களை விற்ற காலம் இருந்தது. 1847-ல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனுப் போட்டார்கள். 1855-ல் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது. அதே வேதாகமத்தைத்தான் அந்த மிஷனரிகளும் கையில் வைத்திருந்தார்கள். முதல் அதிகாரத்தை நன்றாகப் படித்தவர்கள் ஒன்பதாம் அதிகாரத்தைத் திரித்துப் படிக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஆதாம் எந்தச் சாதி?
– ஆறாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

இத்தனை கடிதங்களிலும் பெரிய கேள்வி உன்னுடையது, மகளே. கடவுள் ஏன் ஒரே மனிதனிலிருந்து தொடங்கினார் என்று பழைய யூத ரபிகளும் கேட்டுக்கொண்டார்கள். 'என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்' என்று யாரும் யாரிடமும் சொல்லாமல் இருக்கத்தான் என்று பதிலும் சொன்னார்கள். ஆதாமுக்குச் சாதி இல்லை. ஆகவே அவன் பிள்ளைகளுக்கும் இல்லை.

உன் ஊருக்குப் பக்கத்தில்தான் வடக்கன்குளம். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரியாக இருந்த நட்டாலம் தேவசகாயம் 1745-ல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். 1752-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவில், இரண்டு கால்களாகப் பிரிந்து, ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்க்காமல் பூசை காணும்படி இருந்தது. நடுவில் இருந்த தடுப்புச் சுவரை இடிக்க 1910 வரை ஆனது.

டார்வினைக் கண்டு நம் விசுவாசம் ஆடவேண்டியதில்லை. பக்கத்துக் கோவிலின் மணியோசையாலும் அதற்கு ஆபத்து இல்லை. ஆதாமை மனித குலம் முழுவதற்கும் தகப்பன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சாதி பார்த்துப் பெண் தேடுகிறோமே, கல்லறைத் தோட்டத்தில் கூட இடம் பிரிக்கிறோமே, ஆதியாகமத்தை மறுதலிப்பது என்றால் அதுதான். உன் சபையில் அப்படி ஒரு சுவர் இருந்தால், இதே கேள்வியை அங்கேயும் சத்தமாகக் கேள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களான எங்களுடையது.